கடலுக்கு வாய்க்கால் வெட்டிய நாள்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டூரிஸ்ட் பஸ் கம்பெனியிலிருந்து போன மாதம் இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர்கள். கையில் வழுவழுவென்று ஒரு கலர் நோட்டீஸ். அதில் ஒரு தீவு, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் படகுகள், ஆளுக்கொரு துடுப்பு, எல்லார் மார்பிலும் ஆரஞ்சு நிறக் கவசம். கம்பெனி மறுபடியும் தீவுச் சுற்றுலா ஆரம்பிக்கப் போகிறதாம்.

"ஐயா, உங்க காலத்துல பாதுகாப்புக்கு என்ன வெச்சிருந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"செருப்பு" என்றேன்.

கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று நினைத்து இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். உட்கார வைத்து, காபி கொடுத்து, விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. சேலத்துக்காரன். அப்பா பனமரத்துப்பட்டி ஏரியில் காவல்காரர். படிப்புக்கும் எனக்கும் ஒத்துவராததால் பதினேழு வயதிலேயே அந்த ஏரியின் தட்டைப் படகில் ஏறிவிட்டேன். ஓவர்சியர் அளவுகோலை வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவார்; நான் பின்னால் நின்று கழி போடுவேன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு தடவை அளக்க வேண்டும். நல்ல கோடையில்கூட ஒரு அங்குலம் இறங்க நாலு நாள் பிடிக்கும். காலையில் படகை எந்தக் கல்லில் கட்டினேனோ, சாயங்காலம் அதே கல்லில் அதே மட்டத்தில் நிற்கும். ஆறு வருஷம் அப்படி ஓட்டினேன். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று மனதுக்குள் ஒரு மிதப்பு.

ஐம்பதுகளின் கடைசியில் நாமக்கல் முதலாளி ஒருவர் ராமேஸ்வரத்துக்கு டூரிஸ்ட் பஸ் விட்டுக்கொண்டிருந்தார். போய்வந்த விவசாயக் குடும்பங்கள் எல்லாம் "கடல்ல முங்கினோமுங்க, வந்துட்டோமுங்க, அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார்களாம். முதலாளி கெட்டிக்காரர். ராமநாதபுரம் கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவில் நாலு கீற்றுக் கொட்டகை போட்டார். இரண்டு வள்ளம் வாங்கினார், தூண்டில் கயிறுகள் வாங்கினார். அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் ஐந்து நாள் விடுமுறை. துடுப்புப் போடலாம், மீன் பிடிக்கலாம், பிடித்ததைத் தின்னலாம். அந்த வள்ளங்களில் ஒன்றை ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

மேனேஜர் வரதராசன் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். "கடல் தெரியுமா?"

"தெரியும் சார்."

அதுவரை நான் கடலைப் பார்த்தது எங்கள் மாதா கோவில் சுவரில், மீனவரான புனித இராயப்பர் வலை வீசுகிற படத்தில்தான். வாய் முந்திக்கொண்டது. கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி ஆரோக்கியம் முழுகாமல் இருந்தாள். சம்பளம் ஏரியைவிட நல்ல சம்பளம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஏரிப் படகு வேலையைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இனித் திரும்பிப் போக இடமில்லை.

மேனேஜரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மணலில்கூட பூட்ஸும் காலுறையும் போட்டு நடப்பவர். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தந்தி வாசிப்பது போல நாலு வார்த்தை, அதற்குமேல் ஐந்தாவது கிடையாது. படகுத்துறையில் ஒரு நீளப் பலகை போட்டிருந்தார். வள்ளத்தில் ஏறும் விருந்தாளி ஒவ்வொருவரும் அந்தப் பலகையில்தான் செருப்பைக் கழற்ற வேண்டும். வள்ளத்தில் யார் எந்த இடத்தில் உட்காருகிறாரோ அதே வரிசையில், நுனி கடலைப் பார்த்தபடி. கனத்த உடம்புக்காரர்கள் நடுவில், அதனால் பெரிய செருப்புகளும் நடுவில். செருப்பில்லாதவருக்கு ஒரு துண்டு. திரும்பி வந்ததும் அவரவர் செருப்பை அவரவர் போட்டுக்கொண்டு அவர் எதிரில் ஒரு தடவை நடந்து காட்ட வேண்டும். பலகை காலியாகும் வரை அவர் உட்கார மாட்டார், சாப்பிட மாட்டார், வெற்றிலைகூடப் போட மாட்டார். கடலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எந்த நேரத்தில் கேட்டாலும் பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு வள்ளம் மரியானுடையது. அந்தக் கரையிலேயே பிறந்த மீனவர். பத்து நாள் அவர் பின்னாலேயே சுற்றித் துடுப்பும் நங்கூரமும் பழகிக்கொண்டேன். அவர் எங்கே போனாலும் இடுப்பளவுத் தண்ணீரில்தான் நங்கூரம் போடுவார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

மூன்றாவது பஸ்ஸில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பங்காளிக் கூட்டம் வந்தது. பதினோரு பேர். பெரியசாமிக் கவுண்டர், அவர் சம்சாரம் பாப்பாயம்மாள், அவர்களுடைய உறவினர்கள். அவர்களில் முத்துசாமி என்று ஒருவர், ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிடும் கமிட்டியில் இருந்தவர். எதைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு கருத்து உண்டு. கருத்துக்கு ஒரு தீர்ப்பும் உண்டு.

வந்த இரண்டாம் நாள் காலையில் பாப்பாயம்மாள் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த மணல் திட்டைக் காட்டினார்.

"ஏனுங்க சாமி, அந்த மேட்டுக்கு நாங்களே துடுப்புப் போட்டுட்டுப் போலாமுங்களா?"

மரியான் நல்ல தண்ணீர் கொண்டுவர எதிர்க்கரைக்குப் போயிருந்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "தனியாகப் போவாயா?"

"போவேன் சார்."

"இடுப்பளவில் நங்கூரம். இறங்கி நடக்கட்டும். பன்னிரண்டுக்குள் புறப்படு."

அவருக்கு அது ஒரு பெரிய பிரசங்கம். பலகையில் பதினோரு ஜோடி ஏறின. கிளம்பினோம்.

முதலில் ஆண்கள்தான் துடுப்பை எடுத்தார்கள். வலப்பக்கம் கவுண்டரும் முத்துசாமியும், இடப்பக்கம் இரண்டு மெலிந்த மாப்பிள்ளைகள். வள்ளம் செக்கு மாதிரி சுற்றியது. மூன்றாவது சுற்றில் மணல் திட்டு எந்தப் பக்கம் என்பதே சர்ச்சையாகிவிட்டது. பாப்பாயம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் நகர்ந்து வந்தார்.

"நவுருங்க. உரல்ல ரெண்டு பேரு மாத்தி மாத்திக் குத்தறாப்பல போடோணும். உங்களுக்கு அதெங்க தெரியப் போவுது?"

நாலு பெண்கள் துடுப்பை வாங்கினார்கள். மூச்சுவிடும் நேரத்தில் வள்ளம் நேராக ஓட ஆரம்பித்தது. கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரீமுங்க" என்றார். அதற்குச் சிரித்த சிரிப்பில் இரண்டு துடுப்புகள் தண்ணீரில் விழ, நான் குதித்து எடுத்துவந்தேன்.

திட்டுக்கு வந்ததும் என் ஏரிப் புத்தி தலைநீட்டியது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கச் சொன்னால் பெண்களின் சேலையெல்லாம் நனைந்துபோகும். விருந்தாளிகளை நனைப்பது என்ன மரியாதை? அலை ஒன்று தள்ளியபோது நானும் சேர்ந்து உந்தி, வள்ளத்தின் மூக்கை மணலில் ஏற்றினேன். நங்கூரத்தைப் பக்கத்திலேயே புதைத்துக் கயிற்றைக் கட்டையாகக் கட்டினேன். ஒருவர் கால்கூட நனையவில்லை. மரியானுக்கே இது தோன்றவில்லையே என்று எனக்குப் பெருமை.

திட்டின் மறுபக்கம் கொஞ்சம் ஆழம். அங்கே வரிசையாக நின்று தூண்டில் போட்டார்கள். முதல் மீன் பாப்பாயம்மாளுக்கு. கயிறு இழுபட்டதும், கிணற்றில் வாளி இழுப்பது போல் கைமாற்றிக் கைமாற்றி மளமளவென்று இழுத்து, ஒரு முழ நீள விளமீனை மணலில் போட்டுவிட்டு, "நாப்பது வருசமாத் தண்ணி எறைக்கறேன், இப்பத்தான் கெணறு ஏதோ குடுத்திருக்குது" என்றார். அதற்குப் பிறகு யாருக்கும் நேரம் தெரியவில்லை. எனக்கும்தான்.

வெற்றிலைப் பையை எடுக்க வள்ளத்துக்குப் போன முத்துசாமி அங்கிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க சவரிமுத்து, படக எதுக்குங்க மேட்டுல ஏத்தி வெச்சீங்க?"

போய்ப் பார்த்தேன். வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து காய்ந்த மணலில் கிடந்தது. கடல் அறுபது தப்படிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதது போல் பளபளத்துக்கொண்டிருந்தது.

"நான் ஏத்தலைங்க" என்றேன்.

முத்துசாமி நாலா பக்கமும் பார்த்தார். மணலைக் காலால் தள்ளி ஈரம் பார்த்தார். தீர்ப்புச் சொன்னார்.

"எவனோ மதகத் தொறந்துட்டானுங்க. தூத்துக்குடிப் பக்கமாத்தான் இருக்கோணும். மொறையில்லாம தண்ணி உட்டா இப்பிடித்தான். மேல நாம இருக்கறோமில்ல, ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுல்ல தொறக்கோணும்?"

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை நான் நம்பினேன். தண்ணீர் இறங்கினால் எங்கோ மதகு திறந்திருக்கிறது என்றுதான் ஏரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடல் தானாகவே வற்றி, தானாகவே ஏறும் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் படகுத்துறை செங்குத்தான பாறைக் கரை. அங்கே ஒரு முழம் ஏறி இறங்குவது கண்ணில் படாது.

பன்னிரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். வள்ளம் அசையவில்லை. உச்சி வெயில். குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. திட்டில் நிழலுக்கு ஒரு செடிகூட இல்லை. பதினோரு பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"தண்ணி எப்பத் திரும்பி வருமுங்க?" என்று பாப்பாயம்மாள் கேட்டார்.

'ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்' என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அம்மாளின் முகம் நான் சொல்வதை அப்படியே நம்பத் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"தெரியாதுங்கம்மா. எனக்குக் கடலே தெரியாதுங்க. பொய் சொல்லித்தான் இந்த வேலைக்கு வந்தேன். நான் பனமரத்துப்பட்டி ஏரிக்காரன்."

அடிக்கட்டும், திட்டட்டும் என்று நின்றேன். கவுண்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏரியில எத்தன வருசமுங்க?"

"ஆறு வருஷங்க."

"அப்பறமென்ன, தண்ணியில பொழங்குன ஆளுதான? கெடக்குது உடுங்க. அது வராட்டி நாம கூட்டியாரலாம்."

பாப்பாயம்மாள் மட்டும் அப்படி விட்டுவிடவில்லை. "இத நீங்க கரையிலயே சொல்லியிருக்கோணுமுங்க சாமி" என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. பிறகு குடத்தைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தன்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். வள்ளத்தின் பாயை இரண்டு துடுப்பில் கட்டி நிழல் போட்டோம்.

கவுண்டர் கூட்டியாரலாம் என்று சொன்னது விளையாட்டுக்கு இல்லை. வாய்க்கால் வெட்டுவது அவர்களுக்குச் சோறு தின்பது மாதிரி. முத்துசாமி குறுக்கே கயிறு பிடித்து வாட்டம் பார்த்தார். துடுப்பு, குடத்து மூடி, தூக்குப்போசி, சிரட்டை, வெறுங்கை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டு கடலிலிருந்து வள்ளம் வரைக்கும் வெட்ட ஆரம்பித்தார்கள். அந்த அவசரத்திலும் இரண்டு பக்கமும் வரப்பு அணைத்தார்கள். மாப்பிள்ளை ஒருவர் வெட்டியது கோணலாக இருந்ததென்று கவுண்டர் அதை மூடி மறுபடி வெட்டச் சொன்னார். கடல் பின்னால் போகப் போக இவர்கள் வாய்க்காலை நீட்டிக்கொண்டே போனார்கள். பெண்கள் அலை ஒதுக்கிய கட்டைகளைப் பொறுக்கி மீனைச் சுட்டார்கள். உப்பே போடாமல் அப்படியொரு ருசியான மீனை நான் அப்புறம் தின்றதில்லை. என் வேலை போகப்போகிறது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தும் அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது வாய்க்கால் தலைப்பில் நின்ற முத்துசாமி கையைத் தூக்கினார். "தண்ணி உட்டுட்டானுங்க."

முதலில் விரல் அளவு, பிறகு கை அளவு, நுரையோடு நெளிந்து நெளிந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது. திட்டு முழுக்க ஏறுவதற்கு வெகு முன்னாலேயே வாய்க்கால் வழியாக வந்து வள்ளத்தின் அடியில் சுற்றி மணலை இளக்கியது. ஒரு தள்ளு, வள்ளம் மிதந்தது. இடுப்புச் சேலை நனைய நனைய எல்லாரும் ஏறினார்கள்.

படகுத்துறையில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய குடை செருப்புப் பலகைக்கு மேல் விரிந்திருந்தது. அவர் வெயிலில் நின்றிருந்தார். தீவிலிருந்து திட்டு நன்றாகத் தெரியும். ஆபத்தில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் குனிந்து குனிந்து என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை விளங்கவில்லையாம். பதினோரு பேரும் செருப்பைப் போட்டு நடந்து காட்டினார்கள். முத்துசாமி நெஞ்சை நிமிர்த்தி, "வாய்க்கா வெட்டிக் கடலக் கொண்டாந்துட்டோமுங்க" என்றார்.

பலகை காலியானதும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கடல் தெரியுமா?"

"தெரியாது சார்."

"இந்தப் பஸ்ஸோடு போய்விடு."

அவர் சொன்னது நியாயம்.

ஒவ்வொரு பஸ்ஸும் திரும்பி வந்ததும் முதலாளி நாமக்கல் ஷெட்டுக்கு வந்து, இறங்குகிறவர்களுக்கு இளநீர் கொடுத்து, எது நன்றாக இருந்தது என்று கேட்பது வழக்கம். அன்றைக்கும் கேட்டார். நான் துணி மூட்டையோடு ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிய பதினோரு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கோவிலைச் சொல்லவில்லை, பாலத்தைச் சொல்லவில்லை. வாய்க்கால், வாய்க்கால், வாய்க்கால்.

அதே பஸ்ஸில் கணக்கு ஒப்படைக்க வந்திருந்த மேனேஜரை முதலாளி கூப்பிட்டார். "எல்லா டிரிப்புலயும் இத வெச்சுப்போடுங்க."

"முதலாளி, அது விபத்து."

"அது தெரீதுங்க. நேரம் பாத்துப் பண்ண முடியுமுங்களா, முடியாதுங்களா?"

மேனேஜர் யோசித்தார். "முடியும். கடல் வற்றும் நேரம், ஏறும் நேரம் பிசகாமல் தெரிந்த ஆள் வேண்டும்."

"அந்த ஆளு இருக்கறானுங்களா?"

மேனேஜர் என்னை வெகுநேரம் பார்த்தார். "இன்னும் இல்லை. ஒரு மாதத்தில் தயாராவான்."

அந்த ஒரு மாதமும் மரியானிடம் கேள்வி கேட்டே அவர் பிராணனை வாங்கினேன். கேட்பதற்கு இனி வெட்கம் எதற்கு? அமாவாசை, பௌர்ணமியில் கடல் அதிகம் வற்றும். அஷ்டமி, நவமியில் சோம்பிக் கிடக்கும். நாளுக்கு ஏறக்குறைய இரண்டு நாழிகை தள்ளிப் போகும். காற்று எதிர்த்தால் கொஞ்சம் ஏய்க்கும். குச்சி நட்டு நட்டு அளந்தேன். அளப்பது எனக்கு ஏரியிலேயே பழக்கம். பிறகு ஆறு வருஷம், தீவுச் சுற்றுலா நிற்கும் வரை, ஒவ்வொரு கூட்டத்தையும் திட்டில் இறக்கி, சரியான நேரத்தில் வள்ளத்தைத் தரைதட்ட வைத்து, "ஐயையோ, தண்ணி போயிடுச்சுங்களே" என்று பேய்முழி முழித்தேன். வள்ளத்தில் இரண்டு குடம் தண்ணீரும், நிழலுக்குப் பாயும், "மறந்துபோய்" விட்ட நாலு மம்மட்டியும் எப்போதும் இருக்கும். ஒரு தடவைகூடத் தண்ணீர் என்னை ஏமாற்றவில்லை. மேட்டூர்க்காரர்களிலிருந்து ஆத்தூர்க்காரர்கள் வரைக்கும் யார் வந்தாலும் வாய்க்கால் வெட்டினார்கள். மேனேஜர் படகுத்துறையில் குடையைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நன்றாகச் செய்தாய் என்று அவர் சொன்னதில்லை. போய்விடு என்றும் மறுபடி சொன்னதில்லை.

நாலாவது வருஷம் பாப்பாயம்மாள் திரும்பி வந்தார். இந்தத் தடவை அக்கா தங்கைகளோடு. கவுண்டருக்கு முழங்கால் வலி, வரவில்லை. அதே திட்டுக்குக் கூட்டிப்போனேன். வழக்கம் போல் வள்ளம் தரைதட்டியது, நான் முழித்தேன், மற்றவர்கள் மம்மட்டியைக் கண்டுபிடித்து இறங்கிவிட்டார்கள். பாப்பாயம்மாள் மட்டும் வள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க மொகத்துல ரத்தமே இல்லீங்க" என்றார். "இன்னிக்கு வெத்தல மென்னுக்கிட்டு நிக்கறீங்க."

அவரிடம் மட்டும் எனக்குப் பொய் வருவதில்லை. "வேணும்னுதாங்கம்மா மாட்ட வெச்சேன். இன்னும் ரெண்டரை மணி நேரத்துல தண்ணி வந்துடுங்க."

"தெரீமுங்க. அவுங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க, பாவம், நல்லா வெட்டிக்கிட்டு இருக்கறாங்க." அவர் சிரித்தார். பிறகு, வள்ளம் சாய்ந்திருந்த இடத்தையும் கடலையும் ஒரு தடவை அளப்பது போல் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன கணக்கா மாட்ட வெக்கோணுமின்னா, கடலு நல்லாத் தெரிஞ்ச ஆளுதானுங்க."

நான் குனிந்து, அவிழ வேண்டியதில்லாத நங்கூரக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். கண் கலங்கியதை அவர் பார்த்தாரா என்று தெரியாது. அன்றிலிருந்து, எனக்குக் கடல் தெரியுமா என்று யார் கேட்டாலும், தெரியும் என்றுதான் சொல்கிறேன்.